கொன்ட்ரோலரிலிருந்து சிடிஜேக்கு மாறுவது: யூஎஸ்பி, 6/8 பாட்டுகள், கலியாண ஓடர்

வெள்ளவத்தை_தம்பி கேட்டது:

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். இரண்டு வருஷமாக டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கொன்ட்ரோலரும் லப்டொப்பும் வைத்துப் பிறந்தநாள், சாமத்தியவீடு என்று டிஜேயாகப் பாட்டுப் போடுகிறேன். அடுத்த மாதம் கொழும்பு 3இல் ஒரு ஹோட்டலில் முதல் ஒரு மணித்தியாலம் போடக் கேட்டிருக்கிறார்கள். அங்கே சிடிஜே-2000 நெக்ஸஸ் 2 (லப்டொப் இல்லாமலே பாட்டு ஓட்டும் டெக்) இரண்டும், டிஜேஎம்-900 மிக்ஸரும் இருக்காம். லப்டொப்பைக் கொண்டு போகவா, யூஎஸ்பி போதுமா? அடுத்தது, பைலாவுக்கும் குத்துப் பாட்டுக்கும், இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனை அழுத்தினால் தாளம் குழம்புகிறது, ஏன்? இதையே தொழிலாக எடுப்பதென்றால் இப்போதே எதைச் சரிப்படுத்த வேணும்?

கொட்டாஞ்சேனை_டெக்:

தம்பி, லப்டொப் வேண்டாம். 2009இல் முதல் சிடிஜே-2000 வந்ததிலிருந்து யூஎஸ்பியே போதும். அதை வீட்டில் எப்படித் தயாரிக்கிறாய் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கு.

32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்கி ஃபேட்32இல் ஃபோர்மட் பண்ணு. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் நெக்ஸஸ் 2 வாசிக்காது. மக் கொம்பியூட்டர் என்றால் ஸ்கீம் என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெக்கோட் என்பதைத் தெரிவு செய். அதை மாற்றாமல் விட்டால் வீட்டில் வடிவாக வேலை செய்யும் ஸ்டிக், மேடையில் ஒன்றுமே காட்டாது. 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஐந்து நிமிஷப் பாட்டு 12 எம்பி. 32 ஜிபியில் 2500 பாட்டு மட்டில் பிடிக்கும், தாராளம். இரண்டு டெக்கையும் லான் கேபிளால் இணைத்திருந்தால் ஒரு ஸ்டிக்கே இரண்டுக்கும் போதும். கேபிள் இல்லாவிட்டாலோ பழுதென்றாலோ இரண்டாவது ஸ்டிக் கைகொடுக்கும். இரண்டிலும் ஒரே பாட்டுகளைப் போட்டு வை.

பாட்டுகளை வெறும் கொப்பி-பேஸ்ட் பண்ணாதே. பாட்டு ஓடும், ஆனால் நீ போட்ட கியூவும் (தொடங்கும் இடக் குறி) கிரிட்டும் (பீட் விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) வராது. பாட்டுகளைத் தயார்படுத்தும் ரெக்கோட்பொக்ஸ் சொஃப்ட்வெயரை எக்ஸ்போட் மோடில் வைத்து பிளேலிஸ்டை டிவைசுக்கு இழு. முடிந்ததும் இஜெக்ட் பண்ணிவிட்டே கழற்று. அவசரத்தில் பிடுங்கினால் டேட்டாபேஸ் பாதியில் நின்றுவிடும். ஸ்டிக்கைத் திறந்தால் பயனியர், கொன்டென்ட்ஸ் என்று இரண்டு ஃபோல்டர் தெரிய வேணும். அதோடு ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) ஃபைல் வேண்டாம். நெக்ஸஸ் 2 வாசிக்கும், ஆனால் வேறு இடத்தில் பழைய 2000 இருந்தால் ஈ-8305 என்று எழுதிக் காட்டி நின்றுவிடும்.

மேடையில் முதலில் பார்க்க வேண்டியது மிக்ஸரில் சனலுக்கு மேலே உள்ள செலக்டர். கேபிள் எதில் குத்தியிருக்கோ அதற்கேற்ப லைன் அல்லது டிஜிட்டல். தவறி இசைத்தட்டு பிளேயருக்கான ஃபோனோவில் கிடந்தால் உன் பாட்டே கேட்காது. முன்னால் போட்டவரின் ஸ்டிக்கைக் கழற்ற வேண்டி வந்தால், அவரைக் கேட்டு, யூஎஸ்பி ஸ்டொப் பட்டனை வெளிச்சம் அணையும்வரை அழுத்திப் பிடி.

இந்த ஒரு மாதமும் வீட்டில் சிங்கை நிறுத்திவிட்டுக் காதால் பீட் பொருத்திப் பழகு. 2012 நெக்ஸஸுக்கு முந்திய 2000இல் சிங்க் பட்டனே கிடையாது. கொழும்பில் பழைய டெக் வாடகைக்கு வரும் இடங்களுக்கும் நீ போக வேண்டி வரும்.

பைலா_அக்கா:

சிங்க் குழம்புவதற்குக் காரணம் நடை. பைலா கபிரிஞ்ஞா என்ற பழைய ஆட்ட இசையிலிருந்து வந்தது, அது 6/8, அதாவது ஒரு பீட்டை மூன்றாகப் பிரிக்கும் நடை. குத்துப் பாட்டுகள் பலவற்றிலும் அதே நடைதான். வாயால் சொல்லிப் பாருங்கோ: தகிட, தகிட, தகிட. பீட் விழுவது "த"வில். சொஃப்ட்வெயர் எல்லாவற்றையும் பீட்டை இரண்டாகப் பிரிக்கும் 4/4 என்று நினைத்து, அதையே தகி, டத, கிட என்று இரண்டிரண்டாக வெட்டுகிறது. அதனால் உண்மையில் 100 பிபிஎம் (நிமிஷத்துக்கு 100 பீட்) ஓடும் பாட்டை 150 என்றோ 75 என்றோ காட்டும். அந்த 150ஐ வேறொரு 4/4 பாட்டோடு சிங்க் பண்ணினால் ஆடுகிறவர்களின் கால் எப்படி நிற்கும்?

கிரிட் எடிட்டுக்குப் போய், "த"வில் மட்டும் டாப் பண்ணுங்கோ, 16 தரமாவது. அல்லது காட்டும் எண் 150 மாதிரி இருந்தால் மூன்றால் பிரித்து இரண்டால் பெருக்கி நீங்களே எழுதுங்கோ. 75 என்றால் மூன்றால் பிரித்து நான்கால் பெருக்க வேணும். பிறகு முதல் "த"வில் கிரிட்டின் ஒன்றாம் பீட்டை வையுங்கோ.

எண் சரியானாலும் 4/4ஐயும் 6/8ஐயும் நீளமாகக் கலக்காதீங்கோ. ஹைஹட் இரண்டாக வெட்ட, பறை மூன்றாக வெட்ட, இரண்டும் மோதும். நான்கு பீட் வரை மட்டும் ஒன்றின் மேல் ஒன்று போகலாம். அதைவிட நல்லது, போகும் பாட்டில் பாஸை இறக்கி, ஒரு பீட் எக்கோ போட்டு விட்டு, வரும் பாட்டை முதல் "த"வில் விடுவது.

வெள்ளவத்தை_தம்பி:

நன்றி அக்கா. 147 என்று காட்டிய ஒரு குத்துப் பாட்டு இப்போது 98இல் சரியாக நிற்கிறது. ஆனால் பழைய சினிமாப் பாட்டொன்று சரணத்துக்கு வரும்போது கிரிட்டை விட்டு விலகிப் போகிறது.

பைலா_அக்கா:

அது ஆட்கள் கூடியிருந்து வாசித்துப் பதிவு செய்த பாட்டு, வேகம் கூடிக் குறையும். ரெக்கோட்பொக்ஸ் பீட்டைக் கண்டுபிடிக்கும் அனலிசிஸை, வேகம் மாறும் பாட்டுக்கான டைனமிக் மோடுக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கோ, நடை பிழைத்தால் பகுதி பகுதியாகக் கையால் திருத்துங்கோ. முடிந்ததும் அனலிசிஸ் லொக் போட மறக்காதீங்கோ. பிறகு தவறி மறுபடி அனலைஸ் பண்ணினால் செய்த வேலை எல்லாம் அழிந்து போகும்.

மருதானை_ஏர்த்:

கலியாண மண்டபங்களுக்கு எஃப்எல்எக்ஸ்4 போதும், ஆனால் அதன் அவுட் ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை முனைக் கேபிள்) மட்டும். அதில் நீளக் கேபிள் இழுத்து, லப்டொப் சார்ஜரையும் குத்தினால் "ங்ங்ங்" என்று இரையும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது ஏர்த் லூப், அதாவது இரண்டு வழியால் ஏர்த் சேர்ந்து இரையும் கோளாறு. ஏர்த்தைப் பிரித்துச் சிக்னலை மட்டும் கடத்தும், ட்ரான்ஸ்போமர் உள்ள இரண்டு சனல் டிஐ பொக்ஸ் ஒன்று வாங்கி, கொன்ட்ரோலரிலிருந்து குட்டை ஆர்சிஏ, அங்கிருந்து சவுண்ட்காரரின் மிக்ஸருக்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனைக் கேபிள்) என்று கொடுங்கள். ஏர்த் முனையை வெட்டுவது உயிருக்கு ஆபத்து. யார் சொன்னாலும் செய்ய வேண்டாம்.

பழைய மண்டபங்களில் 5, 15 அம்பியர் உருண்டை முனை சொக்கெட், புதியவற்றில் 13 அம்பியர் சதுரம். இரண்டுக்கும் அடப்டர் பையில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் கொன்ட்ரோலர் லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டே இருக்கும், அம்ப் மட்டும் நிற்கும். ஜெனரேட்டர் வருவதற்குள் மாஸ்டரை இறக்குங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் முழுச் சத்தமும் சபையின் மேல் விழும்.

நீலக்_கேபிள்:

கடைசிக் கேள்விக்கு: ஓடரை எழுத்தில் எடு, வட்ஸ்அப் என்றாலும் சரி. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, சவுண்ட் செட் யாருடையது, மேலதிக மணித்தியாலத்துக்கு எவ்வளவு, ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி யார் எடுப்பது. முற்பணம் பாதி வந்தால்தான் திகதியைப் பிடித்து வை.

அந்த ஹோட்டல் மணித்தியாலம் உனக்குப் பெரிய வாய்ப்பு. சனம் வந்து, சாப்பிட்டு, கதைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. எல்லாருக்கும் தெரிந்த ஆட்டப் பாட்டுகளை அப்போதே போட்டு முடித்தால் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது, உன்னை மறுபடி கூப்பிடவும் மாட்டார்கள். மீட்டரைச் சிவப்புக்கு விடாதே, சத்தம் கூட்டுவதற்கு அவருக்கும் இடம் வேணும். பத்து நிமிஷம் முன்பே அவர் எந்த வேகத்தில் தொடங்குகிறார் என்று கேட்டு, அந்த வேகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்து. கடைசிப் பாட்டு, முடிவில் பாடல் வரி இல்லாமல் 32 பீட்டாவது தாளம் மட்டும் ஓடுவதாக இருக்கட்டும்.