பழைய எஸ்.யூ.வி.: 235/75 ஆர்15-க்குத் திரும்புவதா, 265/75 ஆர்15-ஐத் தொடர்வதா?

கேள்வி:
ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழைய எஸ்.யூ.வி. ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டில் டயர் அளவு 235/75 ஆர்15 என்றிருக்கிறது. ஆனால் முந்தைய உரிமையாளர் நான்கு சக்கரங்களிலும் 265/75 ஆர்15 மாட்டியிருக்கிறார். ஸ்டெப்னி மட்டும் பழைய அளவு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர் உரசுகிறது. மட்கார்டின் உட்புறப் பிளாஸ்டிக் ஓரிடத்தில் தேய்ந்து பளபளக்கிறது. முள் 60 காட்டும்போது கைப்பேசியின் ஜி.பி.எஸ். 64 காட்டுகிறது. டயர்கள் தேய்ந்துவிட்டதால் எப்படியும் மாற்றியாக வேண்டும். எந்த அளவை வாங்குவது? பெரிய டயர்தான் வண்டிக்கு எடுப்பாக இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 1:
வேகத்தில் நீங்கள் கண்ட வித்தியாசம் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. 235 மி.மீ. அகலத்தில் 75 விழுக்காடு, அதாவது சுமார் 176 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். அதை இரட்டித்து, 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ.யையும் கூட்டினால் டயரின் விட்டம் 733 மி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. அதே கணக்கில் 265/75-இன் விட்டம் 45 மி.மீ. கூடுதல், அதாவது ஆறு விழுக்காடு. எஞ்சின் எப்போதும் சற்று உயர்ந்த கியரில் இழுப்பதற்கு இது சமம் என்பதால், ஏற்றத்தில் பிக்கப் குறைவதும் பிரேக்குக்கு வேலை கூடுவதும் இயல்பே. கொஞ்சம் அகலம் வேண்டுமென்றால் 255/70 ஆர்15-ஐப் பாருங்கள். அதன் விட்டம் 738 மி.மீ. மட்டுமே. ஆனால் அதற்கு ரிம்மின் அகலம் குறைந்தது ஆறரை அங்குலம் இருக்க வேண்டும். ரிம்மிலேயே அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். என்னைக் கேட்டால் உரசலைவிடக் கவலைக்குரியது அந்த ஸ்டெப்னிதான். வழியில் பஞ்சராகி அதை மாட்டிவிட்டு ஃபோர் வீல் டிரைவைப் போட்டால், விட்டம் வேறுபடும் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று டிரான்ஸ்ஃபர் கேஸையும் (எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பகிரும் பெட்டி) டிஃபரன்ஷியலையும் (ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பல்சக்கரத் தொகுதி) பதம் பார்த்துவிடும். ஐந்தும் ஒரே அளவாக இருக்கட்டும். பெரிய டயரால் தரை இடைவெளி கூடுவது உண்மைதான், ஆனால் விட்டத்தில் கூடியதில் பாதி, அதாவது 22 மி.மீ. மட்டுமே, அதற்காக இவ்வளவு தொல்லை தேவையா என்பது என் கேள்வி. அளவை அடுத்து வரும் சுமைக் குறியீட்டையும் பாருங்கள்: 105 என்றால் ஒரு டயர் 925 கிலோ வரை தாங்கும். சீட்டில் உள்ளதைவிடக் குறைந்த குறியீட்டை வாங்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் உட்புறத்தில் இறுகியிருந்த சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன், 15x6ஜே என்றிருக்கிறது, அதாவது அகலம் ஆறு அங்குலம்தான். ஆகவே 255/70-க்கு வழியில்லை. ஸ்டெப்னியின் தேதிக் குறி 2311, அதாவது 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஒருமுறைகூடத் தரையைத் தொடாதது போலப் பட்டன்கள் (தரையைப் பற்றும் ரப்பர் கட்டைகள்) புதிதாக இருந்தாலும், பக்கச்சுவரில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடுகின்றன. எனவே 235/75 ஆர்15 டயர்களாக ஐந்தையும் சேர்த்தே வாங்கவிருக்கிறேன்.