கூகைக் கணக்கெடுப்பு நிற்காமல் இருக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த, கூகை என்ற ஆந்தை தங்குவதற்கு வைத்திருக்கும் பெட்டிகளை, மூன்று கல்லூரிகளின் இளநிலை மாணவர்கள் ஒரே படிவத்தில் பதிந்து வருகிறார்கள். அமெரிக்காவில் 2010இல் தொடங்கிய, பல கல்லூரிகள் மாணவர்களோடு சேர்ந்து சூழலியல் ஆய்வு செய்யும் ஈரென் (EREN) வலையமைப்பைப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம்: ஒரே முறை, பல இடம், தரவு எல்லாருக்கும் பொது. போன வாரம் ஒரு மாணவி கூகை செரிக்காமல் கக்கிய உருண்டையை ஊறவைத்துப் பிரித்தாள். உள்ளே முழு எலி மண்டையோடு, மஞ்சள் பல் அப்படியே. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இப்போது ஒருங்கிணைத்தவர் மாற்றலாகிவிட்டார். தரவு மூன்று மடிக்கணினிகளில் சிதறிக் கிடக்கிறது. அதைச் சேர்த்துப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் மாதம் இரண்டு மணி நேரம் தர முடியுமா? அப்புறம், தோட்டத்தில் கிராணியாகவோ (எழுத்தர்) மண்டோராகவோ (மேற்பார்வையாளர்) இருக்கும் அண்ணன்மார் பெட்டி இருக்கும் மர நிரையைக் காட்டினால் பெரிய உதவி. முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள், நான் அழைக்கிறேன்.