சம்பளம் அதே, டூட்டி அதே, ஆனால் வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை

நைட்டூட்டி:
மதுரையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். சர்ஜரி வார்டிலிருந்து ஐசியுவுக்கு மாற்றினார்கள். ஐசியு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பஸ் ஏறும்போதே வயிற்றைப் பிசைகிறது.

காரணம் இன்சார்ஜ் சிஸ்டர். மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றும் சிரிஞ்ச் பம்ப்பில் மணிக்கு 5 மில்லி வைப்பதற்குப் பதில் ஜூனியர் பெண் 50 என்று அழுத்திவிட்டாள். அவளே பார்த்து நிறுத்தி, அவளே வந்து சொன்னாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷிஃப்ட் மாறும் ஹேண்டோவரில், அட்டெண்டர்கள் காதிலும் விழும்படி, "படிச்சுட்டுத்தான் வந்தியா?" என்று ஒரு கத்தல். அதன்பிறகு எங்கள் யூனிட்டில் ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட்கூட (நடந்த தவறைப் பதிவு செய்யும் அறிக்கை) யாரும் எழுதவில்லை. மீட்டிங்கில் அதற்குப் பாராட்டு வேறு! பழைய வார்டு அக்காவாக இருந்தால், "முதல்ல பிபி பாரு, அப்புறம் உக்காந்து எழுது" என்பார், அவ்வளவுதான்.

வேலையை விட்டுவிடலாமா? இல்லை, நான்தான் தொட்டாற்சுருங்கியா?

குவாலிட்டிக்காரன்:
அந்தப் பாராட்டுதான் சிஸ்டர் எனக்குப் பயமா இருக்கு. ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை யூனிட்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நல்ல டீமில் தவறு குறைவா இருக்கும்னு எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம். அவங்க மறைக்காம சொன்னாங்க, அதுதான் வித்தியாசம். 1999-ல் இதையே 'உளவியல் பாதுகாப்பு', அதாவது பயப்படாம தவறைச் சொல்ல முடியுற சூழல், என்று விரிவாக எழுதினார். ஐசியுவில் ரிப்போர்ட் பூஜ்யம்னா யாரும் வாயைத் திறக்கலைன்னு அர்த்தம்.

ஓய்வுபெற்ற மேட்ரன்:
தொட்டாற்சுருங்கி இல்லம்மா. அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே சொன்னதுதான்: வேலை தரும் திருப்தி ஒரு கணக்கு, மேற்பார்வையும் சம்பளமும் தரும் எரிச்சல் தனிக் கணக்கு. அதான் ஐசியு பிடிச்சும் வயித்தைப் பிசையுது. (அவர் பார்த்தது பொறியாளர்களையும் கணக்கர்களையும். நர்ஸுக்கும் பொருந்தும்னு சொல்றது என் அனுபவம்.) ஆனா அந்த இன்சார்ஜையும் கொஞ்சம் பாருங்க. வென்டிலேட்டர் நோயாளி ஒருத்தருக்கு ஒரு நர்ஸ் இருக்காங்களா?

நைட்டூட்டி:
எங்கேம்மா! மூணு வென்டிலேட்டருக்கு நாங்க ரெண்டு பேர். இன்சார்ஜும் ஒரு பெட் எடுத்துப் பார்க்கிறாங்க.

ஓய்வுபெற்ற மேட்ரன்:
பாத்தியா. கத்தினது தப்புதான், அதுக்கு நான் சப்பைக்கட்டு கட்டலை. ஆனா அவங்களை மட்டும் மாத்தினா அடுத்து வர்றவங்களும் கத்துவாங்க. ராஜினாமா அப்புறம். மேட்ரன்கிட்ட போறப்ப இன்சார்ஜ் பேரை எடுக்காதே. ஆள் கணக்கையும், ரிப்போர்ட் நின்னுபோன மாசத்தையும் ஒரே தாள்ல எழுதிக் கொண்டுபோ. அந்த ஜூனியர் பொண்ணையும் கூட்டிட்டுப் போகாதே, ஏற்கெனவே பட்டது போதும்.