பட்டன் ஸ்டார்ட்: சாவி இல்லாமலே கார் ஓடுவது எப்படி?

செந்தூல்வாசி:
மனைவி பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்போது சாவியும் அவர் கைப்பையோடு போய்விட்டது. கெப்போங் வரை வந்துவிட்டேன், டீங் டீங் என்று கத்துகிறதே தவிர எஞ்சின் நிற்கவில்லை. எப்படி இது? அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகுமா?

ஈப்போரோடு மெக்கானிக்:
அணைத்துவிடாதீர்கள் அண்ணே, அப்புறம் ஸ்டார்ட் ஆகாது. பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தும்போது கார் சாவியைத் தேடும். உள்ளே இருக்கும் ஆண்டெனாக்கள் 125 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு சிக்னல் விடும், அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது, அதைக் கேட்ட சாவி 433 மெகாஹெர்ட்ஸில் (சில கார்களில் 315) ரகசியக் குறியீட்டோடு பதில் சொல்லும், அது பொருந்தினால்தான் இம்மொபிலைசர் (திருட முடியாதபடி எஞ்சினைப் பூட்டி வைக்கும் அமைப்பு) வழிவிடும். ஓடத் தொடங்கிய பிறகு சாவி காணாமல் போனால் வெறும் எச்சரிக்கைதான். எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலை நடுவில் எஞ்சின் தானாக நின்றால் என்ன கதி, யோசித்துப் பாருங்கள்.

பினாங்குப் பொண்ணு:
சாவியின் பேட்டரி செத்துப்போனால்?

ஈப்போரோடு மெக்கானிக்:
ஒன்றும் ஆகாது தங்கச்சி. பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் போதும், உள்ளே இருக்கும் சின்ன சிப்புக்கு பேட்டரியே வேண்டாம், காரில் உள்ள கம்பிச் சுருளிலிருந்து (காயில்) கரண்ட் எடுத்துக்கொள்ளும். கதவைத் திறக்க, சாவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், இழுத்துப் பாருங்கள்.

கிள்ளான் மச்சான்:
ராத்திரி சாவியை வாசல் பக்கம் மாட்டாதீர்கள். திருடர்கள் கருவி வைத்து அந்த சிக்னலை கார் வரை நீட்டிவிடுவார்கள், காரும் சாவி பக்கத்தில் இருப்பதாக நம்பிக் கதவைத் திறக்கும். சிக்னல் எட்டாதபடி நான் சாவியைக் காலி மைலோ டின்னில் போட்டு இறுக்கி மூடிவிடுவேன்.