'எம்' வரிசை ஃபின் எண்: இந்தக் கணினி நிரலை யாராவது விளக்க முடியுமா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் வருகைப் பதிவு ஆப்பில் சிங்கப்பூர் அடையாள அட்டை எண்ணையும், இங்குள்ள வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்ணான ஃபின் எண்ணையும் சரிபார்க்க ஒரு ஃபங்ஷன் (நிரல் துண்டு) உண்டு. யாரோ எப்போதோ இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியது. ஒட்டியவர் இப்போது சிங்கப்பூரிலேயே இல்லை! 2022 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவருக்குத் தரும், 'எம்' என்று தொடங்கும் எண்களை அது செல்லாது என்று தள்ளுகிறது.

எனக்குப் புரிந்தவரை, முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே உள்ள ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுகிறது. 'டி', 'ஜி' என்று தொடங்கினால் இன்னும் 4 சேர்க்கிறது. அப்புறம் 11 ஆல் வகுத்து, மீதியை வைத்துக் கடைசி எழுத்தைப் பார்க்கிறது. 11 பகா எண் என்பதால் ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் மாட்டிவிடும். சரி, இதுவரை அழகு.

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி வேறொரு நிரலைக் காட்டி, "அண்ணே, இதுல எம்முக்கு 3 கூட்டுறாங்க, இதையே போட்டுடலாமா?" என்கிறார். ஏன் 3 என்று கேட்டால் சிரிக்கிறார். புரியாத ஒன்றை எடுத்துவிட்டுப் புரியாத இன்னொன்றை வைக்க எனக்கு மனமில்லை.

'எம்' வரிசைக்குக் கடைசி எழுத்துப் பட்டியலும் மாறுமா? நிஜ மனிதர்களின் எண்களைத் தொடாமல் இதை எப்படிச் சோதிக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.