இயேசுவின் உயிர்ப்பும் ஏஎல் பயோவும்: வகுப்பில் எப்படிச் சொல்வது?

கொட்டாஞ்சேனை மறைக்கல்வி
என் மறைக்கல்வி வகுப்பில் பன்னிரண்டு பேரும் ஏஎல் பயோ (உயர்தர உயிரியல்) பிள்ளைகள். "மூன்று நாள் கிடந்த உடம்பு அழுகத் தொடங்கியிருக்குமே, எப்படி எழும்பும்?" என்கிறார்கள். இருப்பது 40 நிமிடம். இயேசுவின் உடலைச் சுற்றியது என்று சொல்லப்படும் டூரின் துணியின் படத்தோடு தொடங்கலாமா?

தெஹிவளை
துணி வேண்டாம். 1988இல் ஒக்ஸ்போர்ட், சூரிச், அரிசோனா ஆய்வுகூடங்கள் கார்பன் கணிப்பில் அதை 1260–1390க்குள் வைத்தன. அதை மறுப்பவர்கள் உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளை போனில் தேடினால் உங்கள் வகுப்பு அதோடு சரி.

பயோவை அப்படியே ஒத்துக்கொள்ளுங்கள். வெள்ளி பிற்பகல் 3 மணியிலிருந்து ஞாயிறு விடியல் வரை ஏறத்தாழ 39 மணித்தியாலம். இரத்த ஓட்டம் நின்றால் மூளைக் கலங்களுக்குச் சில நிமிடம்தான். இயற்கையில் திரும்பி வர வழியில்லை. வந்தது இயற்கையாக என்று எந்த நற்செய்தியும் சொல்லவுமில்லை. இறந்து நான்கு நாளான லாசரின் கல்லறையில் "நாற்றம் அடிக்குமே" என்றவர் மார்த்தா (யோவான் 11:39). இறந்தோர் உயிர்ப்பு என்றதும் ஏதென்சில் பவுலைக் கேலி செய்தவர்களும் (திருத்தூதர் பணிகள் 17:32) நுணுக்குக்காட்டி பார்த்தவர்கள் இல்லையே.

அடுத்தது 1 கொரிந்தியர் 15:3-8: உயிர்த்த இயேசு கேபா (பேதுரு), 500க்கு மேற்பட்டோர், யாக்கோபு, கடைசியாகத் தனக்கும் தோன்றினார் என்று பவுல் தரும் பட்டியல். பலகையில் ஆண்டுகளை எழுதுங்கள்: சிலுவை கி.பி. 30 அல்லது 33, இந்தக் கடிதம் 50களின் நடுப்பகுதி, மாற்கு நற்செய்தி 70ஐ ஒட்டி. "நான் பெற்றுக்கொண்டதும்" என்கிறார் பவுல். எங்கே பெற்றிருக்கலாம்? மனமாறி மூன்று ஆண்டுக்குப் பிறகு எருசலேமில் கேபாவோடு 15 நாள் தங்கினார், யாக்கோபையும் கண்டார் (கலாத்தியர் 1:18-19). வகுப்பின் பாதி நேரம் இதற்கே போகட்டும்.

வெள்ளவத்தை
நான் நம்பாத ஆள். அந்த 500 பேர் எந்த நற்செய்தியிலும் இல்லை. வெறுமையான கல்லறை பவுலின் பட்டியலில் இல்லை. கல்லறைக்குப் போன பெண்கள் மாற்கில் மூவர், மத்தேயுவில் இருவர், யோவானில் ஒருவர். மாற்கின் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டும், சினாய், வத்திக்கான், 16:8ஓடு நின்றுவிடுகின்றன. துக்கத்தில் காட்சி கண்டார்கள் என்றால் போதாதா?

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுப்பேன். அற்புதம் செய்து காட்டினால் லட்ச ரூபா என்று கொழும்பு பாமன்கடையிலிருந்து சவால் விட்ட பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் கேட்டது, கண்முன் செய்து காட்டக்கூடியதை. ஒரே ஒருமுறை நடந்ததாகச் சொல்வதை அப்படிச் சோதிக்க முடியாது.

தெஹிவளை
துக்கம் பேதுருவுக்குச் சரி. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்த பவுலுக்கு என்ன துக்கம்? 500 பேரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அதில் பாரத்தை ஏற்றக்கூடாது. பெண்கள் கணக்கை வலிந்து ஒட்டவும் வேண்டாம். நான்கு நற்செய்திகளின் கல்லறைப் பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். யோவான் 20:2இல் தனியே வந்த மகதலா மரியா "எங்களுக்குத் தெரியவில்லை" என்று பன்மையில் பேசுவதைப் பிள்ளைகளே பிடிப்பார்கள்.