ரெஸ்லிங்காரரை நேரில கண்டவை, கிட்டத்தில அறிஞ்சவை எழுதுங்கோ

கொக்குவிலில இருந்து:

யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த கையோட கடையளுக்கு வந்து இறங்கின சாமான்களில எங்களுக்குப் பெரிசாத் தெரிஞ்சது ரெஸ்லிங் காட்ஸ்தான். உயரம், நிறை, ராங்க் எண்டு வாசிச்சு மற்றவன்ர காட்டை வெட்டுறது. வாத்தியார் பறிச்சால் அடுத்த நாள் புதுக் கட்டு வரும். "தாராசிங்கும் கிங்கொங்கும் பிடிச்சது மல்யுத்தம், உது பேய்க்காட்டு" எண்டு பெரியாக்கள் பேசுவினம். ஆர் வெல்லுறது எண்டு முன்கூட்டியே முடிவெடுக்கினம் எண்டது உண்மைதான். அந்த முடிவு ஆற்ற கையில இருக்கு எண்டதை எனக்கு விளங்கப்படுத்தினது மொன்றியலில இருக்கிற மாமா.

1997 நவம்பர் 9, அங்கத்தை மொல்சன் சென்ரர் அரங்கில மாமா மேல் வரிசையில இருந்தவர். அண்டைக்கு ஆடின பிறெற் ஹார்ட் கல்கரிக்காரர், கனடாச் சனத்துக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி. 1996இல டபிள்யூ.டபிள்யூ.எஃப் (இப்ப டபிள்யூ.டபிள்யூ.ஈ) எண்ட ரெஸ்லிங் கொம்பனியின்ர முதலாளி வின்ஸ் மக்மஹன் அவருக்கு 20 வருச ஒப்பந்தம் எழுதினவர். ஒரு வருசம் போக, இந்தக் காசு எனக்குக் கட்டாது, மற்றக் கொம்பனியோட கதையும் எண்டு மக்மஹனே சொல்லிப்போட்டார். பிறெற் போட்டிக் கொம்பனியான டபிள்யூ.சி.டபிள்யூவுக்குப் போக ஓமெண்டார். சம்பியன் பெல்ற் இன்னும் அவரிட்டத்தான். சொந்த நாட்டில வைச்சு, அண்டைக்கு எதிரா ஆடின சோன் மைக்கல்சிட்டத் தோக்கமாட்டன், வேற இடத்தில விட்டுத்தாறன் எண்டு நிண்டார். கடைசி 30 நாளும் தன்ர கதை எப்பிடிப் போகுது எண்டதில அவருக்கும் சொல் இருக்கு எண்டு ஒப்பந்தத்திலயே எழுதிக் கிடந்தது.

அண்டைக்கு ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் குழம்பி முடியும் எண்டதுதான் பேச்சு. சோன், பிறெற்றின்ர சொந்தப் பிடியான ஷார்ப்சூட்டரையே அவருக்குப் போட்டார். பிறெற் கைவிடேல்லை. ரிங்குக்குப் பக்கத்தில வந்து நிண்ட மக்மஹன் மணியை அடியெண்டு கத்த, நடுவர் ஏர்ள் ஹெப்னர் பிறெற் தோத்திட்டார் எண்டு கையைக் காட்டிப்போட்டு ஓடிட்டார். பிறெற் மக்மஹன்ர முகத்தில துப்பினது மேலயிருந்த மாமாவுக்குத் தெரியேல்லையாம். ஆனா விரலால காத்தில டபிள்யூ.சி.டபிள்யூ எண்டு எழுதிக் காட்டினது வடிவாத் தெரிஞ்சதாம். இண்டைக்கும் அதைச் சொல்லேக்க மாமாவின்ர குரல் உயரும்.

பிறெற்றின்ர தம்பி ஓவன் மக்மஹன்ர அதே கொம்பனியிலயே இருந்தவர். 1999 மே 23, கன்சாஸ் சிற்றியில கூரையில இருந்து கம்பியில இறங்கிற காட்சிக்கு ஆயத்தப்படுத்தேக்க விழுந்து செத்தார். வயது 34. மிச்ச ஆட்டங்களை நிப்பாட்டாமல் நடத்தி முடிச்சவை. மனுசி மார்த்தா வழக்குப் போட, 2000இல 18 மில்லியன் டொலரோட தீர்த்தவை. அந்த இரவு காட்சியை நிப்பாட்டாததை எந்தக் காசாலயும் ஈடுகட்டேலாது எண்டுதான் நான் நினைக்கிறன்.

பருத்தித்துறையில இருந்து:

ரொறன்ரோவில அக்கா வீட்டில நிண்ட நேரம் மருமகனோட ஒரு கையெழுத்து நிகழ்ச்சிக்குப் போனனான். எங்கட காட்ஸில இருந்த ஆள் ஒருத்தர் மேசைக்குப் பின்னால இருந்தார். பேர் வேண்டாம். விக்கிறதுக்கு வைச்சிருந்த பழைய படங்களில ரிங் பேர் வாற இடத்தைக் கறுப்பு ரேப் ஒட்டி மறைச்சிருந்தார். ஏனெண்டு மருமகன் கேட்டான். அந்தப் பேரை அவர் ஆடின கொம்பனி தனக்கெண்டு பதிஞ்சு வைச்சிருக்காம், போட்டு வித்தால் வக்கீல் கடிதம் வருமாம். பத்து வருசத்துக்கு மேல அந்தப் பேரில அடிவாங்கின மனுசன்! வலக்கையில ரெண்டு விரல் மடியாது. மார்க்கரைப் பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில இடுக்கித்தான் எழுதினவர்.

சனம் குறைவு எண்டபடியால் நிறையக் கதைச்சவர். ஊர் ஊராப் போற வாடகைக் கார், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் தன்ர காசாம். கொம்பனிக் கணக்கில இவை வேலையாக்கள் இல்லை, சுயாதீன ஒப்பந்தக்காரர். அதால மருத்துவக் காப்புறுதியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. ஆனா எங்க, எண்டைக்கு, ஆரோட, எவ்வளவு நேரம், வெற்றியோ தோல்வியோ எல்லாம் அவை சொல்லுற மாதிரித்தான். வேற மேடையில ஏறவும் விடமாட்டினம்.

சங்கம் கட்டேலாதோ எண்டு கேட்டன். ஜெசி வென்ற்சுராவின்ர கதையைச் சொன்னார். பிறகு மினசோட்டாவுக்கு ஆளுநரா வந்தாரே, அவர்தான். அவரும் மக்மஹன்ர கொம்பனியில இருந்தவர், 1986இல அதின்ர பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியா 2க்கு முன்னம் ஆடை மாத்துற அறையில சங்கம் அமைப்பம் எண்டு பேசினவர். பேச்சு உடன முதலாளிக்குப் போட்டுது. போய்ச் சொன்னது கொம்பனியின்ர பெரிய நட்சத்திரம் ஹல்க் ஹோகன் எண்டு, வருசங்கள் கழிச்சுத் தான் போட்ட வழக்கு விசாரணையில மக்மஹனின்ர வாயாலயே வந்தது எண்டு வென்ற்சுரா பலமுறை சொல்லியிருக்கிறார். 2001இல டபிள்யூ.சி.டபிள்யூவையும் மக்மஹன் வாங்கினாப்பிறகு, பிடிக்கேல்லை எண்டால் போறதுக்குப் பெரிய இடம் எண்டு ஒண்டு அமெரிக்காவில இல்லாமல் போச்சுது. 2019இல ஏ.ஈ.டபிள்யூ எண்ட புதுக் கொம்பனி வரும்வரைக்கும் உதுதான் நிலமை.

நல்லூரில இருந்து:

எனக்கு ரெஸ்லிங் தெரியாது, மகளுக்குத்தான் பைத்தியம். அவளுக்கு டபிள்யூ.டபிள்யூ.ஈயில ஆடுற செலினா வேகா எண்டால் உயிர். 2020இல அந்தக் கொம்பனி தன்ர ஆக்களுக்கு, வெளி இணையத்தளங்களில சொந்தமாக் காட்சி நடத்திக் காசு உழைக்கிறதை விடுங்கோ எண்டு கட்டளை போட்டது. நவம்பர் 13 அண்டைக்குச் செலினா, தொழிற்சங்கத்தை ஆதரிக்கிறன் எண்டு ட்விட்டரில எழுதினவ. அவவை நிப்பாட்டிட்டம் எண்ட அறிவித்தலும் கொஞ்ச நிமிசத்தில வந்தது. மகள் அண்டைக்கு இரவு சாப்பிடேல்லை. அடுத்த வருசமே செலினா அதே கொம்பனிக்குத் திரும்பி வந்தவ. மகள் துள்ளினாள். எனக்கு அந்தப் பிள்ளை எந்த மனதோட திரும்பக் கையெழுத்துப் போட்டிருக்கும் எண்டதுதான் யோசினை.

இதை நான் எழுத வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. தங்கச்சியின்ர மகன் லண்டனில ரெஸ்லிங் பழகப் போறான், சின்ன மேடையளுக்குக் கூப்பிடத் தொடங்கிட்டினம். பேர் ஆருக்குச் சொந்தம், காயம் வந்தால் ஆர் செலவழிக்கிறது, விலகினால் எத்தினை நாளைக்கு வேற இடத்தில ஆடேலாது எண்டு ஒப்பந்தம் வாசிச்சுப் பழகின ஆரும் இருந்தால் எழுதுங்கோ. கையெழுத்துப் போடமுன்னம் அவனுக்குக் காட்டவேணும்.